தாய்வீடு போனவர்கள்

தமயந்தி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். மறுபடியும் கழற்றினாள். கண்ணாடியில் தூசு இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"டாக்டரம்மா, கொஞ்சம் கதவச் சாத்துங்க" என்றாள்.

தஞ்சாவூரில் என் வீட்டு முன்னறை அது. சம்பா அறுவடை முடிகிற சமயம். வெளியே வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் போய்க்கொண்டிருந்தன. ஊர் முழுக்க வைக்கோல் தூசு, எனக்கு விடாத தும்மல். கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து ட்ரிப் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணிகள் ஒரு வரி. மாத்திரை சாப்பிட்டவர்கள் இன்னொரு வரி. குழந்தை தவறிப்போனது ட்ரிப் வரியில்தான் அதிகமாக இருந்தது.

நாங்கள் இருவரும் இத்தனை காலம் ஊருக்கெல்லாம் சொல்லிவந்தது இதற்கு நேர் எதிரானது.

அந்த வாரம் சனிக்கிழமை தமயந்திக்குப் பாராட்டு விழா. பக்கத்து அறையில் என் மருமகள் நித்யா ஏழு மாத வயிற்றோடு படுத்திருந்தாள். அவளுக்கும் ரத்தம் போதவில்லை. முதல் ட்ரிப்பை நானே என் கையால் ஏற்றியிருந்தேன். அடுத்தது அந்த வாரம் ஏற்ற வேண்டும்.

யார் இந்தத் தமயந்தி

இந்தத் தொடரில் இதுவரை பிரசவ வார்டை விட்டு நான் வெளியே வந்ததில்லை. இந்த வாரம் கணக்குப் பக்கம் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம். எனக்கும் கணக்கு வராது. தட்டுத் தடுமாறிப் பள்ளிக்கூடத்துக் கணக்கைத் தாண்டித்தான் டாக்டரானேன்.

தமயந்தி மருத்துவப் புள்ளியியல் படித்தவள். பூம்புகாருக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊரில் பிறந்தவள். அப்பாவுக்குப் படகு, அம்மாவுக்கு மீன் வியாபாரம். விழா அழைப்பிதழில் 'மருத்துவப் புள்ளியியலுக்கும் மென்பொருளுக்கும் அருந்தொண்டாற்றிய முனைவர்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு அவள் தமயந்திதான். என்னைவிடச் சின்னவள், என்னைவிடப் பிடிவாதக்காரி.

உங்கள் வேலை என்ன என்று யாராவது கேட்டால் அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "டாக்டரு, 'என் மருந்து கேக்குது'ம்பாரு. கேக்காதவங்க எங்க சார்னு நான் கேப்பேன். அவ்வளவுதான் வேலை. அதனால எந்த டாக்டரும் எனக்கு ஒரு காபி வாங்கித் தந்ததில்ல."

இது பொய். நான் நிறைய வாங்கித் தந்திருக்கிறேன். அவள் குடித்துக்கொண்டே கேள்வி கேட்டிருக்கிறாள்.

வராதவர்கள்

பல வருஷங்களுக்கு முன்பு நடந்தது. நாங்கள் வேலை பார்த்த மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளில் நிறையப் பேருக்கு ரத்தசோகை இருக்கும். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சிவப்பே இருக்காது. நடவு நட்டுவிட்டு வந்து, மடியில் முடிந்த பச்சரிசியை மென்றபடி வரிசையில் நிற்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். வாங்கிக்கொண்டு போவார்கள். அது வாய்க்காலுக்குள் போகுமே தவிர வயிற்றுக்குள் போகாது. குமட்டுகிறது என்பார்கள். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்த நானே கறுப்புதான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

மாத்திரைக்குப் பதிலாக ட்ரிப்பில் ஏற்றினால் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதா என்று பார்க்க முடிவு செய்தோம். எந்த ஊருக்கு ட்ரிப், எந்த ஊருக்கு மாத்திரை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். சீட்டு விழுந்த விதத்தில் கடலோர ஊர்கள் பெரும்பாலும் ட்ரிப் பக்கம் வந்துவிட்டன. வயல்காட்டு ஊர்கள் நிறைய மாத்திரைப் பக்கம் போயின. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் தமயந்தி வேலைக்குச் சேர்ந்தாள். வந்த அன்றே சண்டை. எங்கள் கணக்கில் 'வராதவர்கள்' என்று ஒரு பெரிய கூட்டம் இருந்தது. ஏழாம் மாதம் வரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண்கள் திடீரென்று நின்றுபோயிருந்தார்கள். அவர்களை அப்படியே ஒதுக்கிவிட்டு மிச்சம் இருந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டிருந்தோம்.

"வரலைன்னா எங்க போனாங்க மேடம்?" என்றாள்.

"எங்கயாவது போயிருப்பாங்க."

"ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டா பொண்ணு எங்க போவா? அம்மா வீட்டுக்குப் போவா. அவங்க ஒண்ணும் காணாமப் போகல. நீங்கதான் தேடல."

சுருக்கென்றது. இந்த மண்ணிலேயே பிறந்து, தலைப்பிரசவத்துக்கு நானே தாய்வீடு போய் வந்தவள். அது என் மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் அவளும் ஒரு நர்ஸம்மாவும் பஸ் ஏறி அலைந்தார்கள். சில நாள் நானும் போனேன். கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னையா காணும்னு எழுதி வெச்சிருக்கீங்க? எங்க அம்மா வீட்ல நான் இருக்கேன், இதுல காணாமப் போக என்ன இருக்கு?" என்றாள். எண்ணெய்க் கையோடு எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளர் வழுக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

தொட்டில்

அந்த அலைச்சலில் பிறந்ததுதான் 'தொட்டில்' என்கிற மென்பொருள். அப்போது எங்கள் மருத்துவமனையிலேயே ஏசி இருந்தது கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். வியர்த்து வழிகிற டாக்டர்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போய் நிற்போம். தமயந்தி சால்வையைப் போர்த்திக்கொண்டு தட்டிக்கொண்டே இருப்பாள்.

வெளிநாட்டிலிருந்து வந்த மென்பொருளில் 'தொடர்பு விட்டுப்போனவர்' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். தமயந்தி எழுதியதில் 'தாய்வீடு' என்று ஒரு கட்டம் இருந்தது. எந்த ஊருக்குப் போனாள், எப்போது போனாள், யார் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்கும். குழந்தை பிறந்த சேதி வரும் வரை தினமும் நினைவூட்டும். வராத கடன்காரனைத் தேடுவதுபோல விடாது.

காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்தாள். மாவட்டம் தாண்டி, மாநிலம் தாண்டிப் போனது. அங்கங்கே கட்டத்தின் பெயரை அவரவர் பாஷையில் மாற்றிக்கொண்டார்கள். கட்டத்தை யாரும் எடுக்கவில்லை. பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது எல்லா ஊரிலும் உள்ளதுதானே.

தாய்வீடு போனவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது ட்ரிப்தான் நல்லது என்று தெளிவாகத் தெரிந்தது. அதை நம்பித்தான் அன்றிலிருந்து நான் ட்ரிப் ஏற்றிவருகிறேன். ரிட்டையர் ஆனபின் வீட்டை ஒட்டிய என் சின்னக் கிளினிக்கிலும் அதேதான்.

பழசா, புதுசா

தமயந்தி கண்ணாடியைத் துடைத்த அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். சமீபத்தில் தமயந்தி தொட்டிலை முழுக்கத் திருத்தி எழுதியிருந்தாள். சில மருத்துவமனைகளுக்குப் போகவும் ஆரம்பித்திருந்தது. எங்கள் அந்த முதல் கணக்கைப் புதுத் தொட்டிலில் போட்டு மேடையிலேயே ஓட்டிக் காட்டலாம் என்று அவளுக்கு ஆசை. ஒத்திகை பார்க்கத்தான் என் வீட்டுக்கு வந்தாள். ஓட்டியதும் எல்லாம் தலைகீழாக வந்துவிட்டது.

"பழைய தொட்டில் சரியாத்தானே சொல்லுச்சு. புதுசுலதான் ஏதோ தப்பு" என்றேன்.

"அது எப்படி டாக்டரம்மா உங்களுக்குத் தெரியும்? பழசுல இருந்த தப்பையெல்லாம் திருத்தித்தான் புதுச எழுதியிருக்கேன். நமக்குப் பிடிச்ச பதிலச் சொல்லுதுங்கறதுக்காகப் பழச நம்பக் கூடாது."

வெடுக்கென்று சொன்னாளே தவிர அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

விழாக் குழுத் தலைவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு வருகிற யோசனைதான் அவருக்கும் வந்தது. "மேடம், பழைய ரிசல்ட்டையே ஒரு ஸ்லைடுல போட்டுக் காட்டிடலாம். மேடையில யாரு நோண்டப் போறா? விழா முடியட்டும், அப்புறம் நிதானமாப் பாத்துக்கலாம்."

"சார், மாலை என் கழுத்துலதான் விழும். சனிக்கிழமைக்குள்ள எனக்கு விடை தெரியலைன்னா, தெரியலைன்னே மேடையில சொல்லிடுவேன். தெரியற வரைக்கும் ட்ரிப்ப நிறுத்துங்கன்னும் சொல்லிடுவேன்."

அவர், பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னார்.

மருந்து வரவில்லை

எனக்கு வந்தது பயம். வேறு பெயர் வைத்துச் சொல்ல விரும்பவில்லை. என் கையால் ட்ரிப் ஏற்றிக்கொண்டு போன பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. குழந்தை தங்காமல் போன சிலரின் முகங்கள் போகவே மறுத்தன. அன்றைக்கு அவர்களிடம் 'நம்ம கையில என்னம்மா இருக்கு' என்று சொல்லித் தேற்றியிருக்கிறேன். ஒருவேளை என் கையில்தான் இருந்ததோ?

நித்யாவோ மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாள். ரத்தம் ஏறியே ஆக வேண்டும். ட்ரிப்பைப் போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம்.

"அத்தை, இந்த வாரம் ரெண்டாவது ட்ரிப் போடணும்னீங்களே" என்று செவ்வாய்க்கிழமை அவளே கேட்டாள்.

"மருந்து வரலைம்மா. ஸ்டாக் இல்லையாம்" என்றேன். மருந்து கிளினிக் அலமாரியில் இருந்தது.

குற்ற உணர்ச்சி மனிதரை என்னவெல்லாம் செய்ய வைக்கும். அவளுக்கு அசோகா அல்வா என்றால் உயிர். அன்று வெயிலில் நானே வண்டி எடுத்துக்கொண்டு திருவையாறு போய் வாங்கிவந்தேன். இலையில் நெய் வழிய வழியச் சாப்பிட்டாள். "என்ன அத்தை, திடீர்னு இவ்வளவு பாசம்?" என்று கேலி செய்தாள். தும்மல் வந்ததாகக் காட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தமயந்தி என் சாப்பாட்டு மேஜையிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தான் எழுதியதை வரி வரியாகப் படித்தாள். புதனும் போயிற்று. தப்பு எங்கே என்று தெரியவில்லை. தப்பே இல்லையோ என்கிற எண்ணம் எங்கள் இருவருக்கும் வந்தது.

அஞ்சலையின் போன்

வியாழக்கிழமை காலையில் தமயந்தியின் தங்கை அஞ்சலை ஊரிலிருந்து கூப்பிட்டாள். விழாவுக்கு எந்தச் சேலை கட்டுவது என்று அவளுக்குப் பெரிய பிரச்சினை. தமயந்தி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

"அக்கா, அம்மா வீட்லதான் இருக்கேன். அம்மாவுக்குக் கஞ்சி குடுத்துட்டேன். அந்தப் பச்சைச் சேலை நல்லாருக்குமா? நீ எடுத்துக் குடுத்தது."

"ம்."

"அதுல கறை பட்டிருந்துச்சு. இரு, வீட்ல இருக்கு, பாத்துட்டுச் சொல்றேன். போனை வெச்சிராத."

போனில் காற்று இரைந்தது. கோழி கத்தியது. 'வலையை நடுத்தெருவுல போட்டா மனுசங்க எப்படிப் போறது' என்று அஞ்சலை யாரையோ திட்டினாள். கதவு கிறீச்சிட்டது. பீரோ திறந்தது.

"கறை போயிடுச்சுக்கா. பச்சையே கட்டிக்கறேன்."

தமயந்தியின் விரல்கள் நின்றன. "அஞ்சலை, இப்ப எங்க இருக்க?"

"வீட்ல."

"அம்மா வீட்லன்னு சொன்ன?"

"அங்கேருந்துதான் வந்தேன். ஏங்க்கா, என்ன ஆச்சு உனக்கு? அம்மா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ரெண்டு தெரு. நீ பொறந்த ஊரு, மறந்துபோச்சா?"

தமயந்தி போனை அணைக்காமலேயே மேஜையில் வைத்தாள். அஞ்சலை ஜாக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். தமயந்தி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு மடச்சி டாக்டரம்மா" என்றாள்.

விஷயம் இதுதான். வயல்காட்டு ஊர்களில் பெண்ணை வெளியூரில்தான் பெரும்பாலும் கட்டிக்கொடுப்பார்கள். தாய்வீடு ஓர் ஊர், புகுந்த வீடு வேறு ஊர். மீனவ ஊர்களில் அப்படி இல்லை. மாப்பிள்ளை அநேகமாக உள்ளூரிலேயே இருப்பான். வளைகாப்பு முடிந்ததும் பெண் சீர்வரிசையோடு தாய்வீடு போவாள், மூன்றாவது தெருவுக்கு.

புதுத் தொட்டிலை எழுதும்போது வயல்காட்டுப் பக்கத்து மருத்துவமனைகளிலிருந்து ஒரு புகார் வந்திருக்கிறது. சிலர் அவசரத்தில் தாய்வீடு, புகுந்த வீடு என்ற இரண்டு கட்டத்திலும் ஒரே ஊரைப் போட்டுவிடுகிறார்கள் என்று. தமயந்தி அதற்கு ஒரு விதி எழுதிச் சேர்த்தாள். இரண்டு ஊரும் ஒன்றாக இருந்தால் அது தவறான பதிவு, தள்ளிவிடு. எழுதும்போது சந்தேகமே வரவில்லை அவளுக்கு. அவளைக் கட்டிக்கொடுத்தது தஞ்சாவூரில். தாய்வீடு என்றால் இரண்டு பஸ் மாறிப் போகிற இடம் என்றே இத்தனை வருஷத்தில் அவள் மனதில் பதிந்துவிட்டது.

ட்ரிப் ஏற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் கடலோரப் பெண்கள். மூன்றாவது தெருவுக்குப் போய் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டவர்களையெல்லாம் அந்த விதி தள்ளிவிட்டது. உள்ளூரிலேயே தாய்வீடு இருந்தும் அங்கே போக நேரமில்லாமல், ஆபத்தான நிலைமையில் நேராக எங்கள் வார்டுக்கு வந்தவர்களுக்குத் தாய்வீட்டுக் கட்டம் காலியாக இருந்தது. அதனால் அவர்கள் மட்டும் கணக்கில் தங்கினார்கள். பிழைத்ததை எண்ணாமல் தவறியதை மட்டும் எண்ணினால் எந்த மருந்துதான் தேறும்?

'ஆ'

நான் அப்போதே நித்யாவிடம் ஓடத் தயாராகிவிட்டேன். தமயந்தி விடவில்லை.

"இருங்க. இதுவும் நமக்குப் பிடிச்ச பதில்தான். அதனாலயே எனக்குச் சந்தேகமா இருக்கு."

விதியை எடுத்தாள். ஒரே ஊர் என்று இருந்த பதிவுகளில் எது உண்மை, எது அவசரத்தில் போட்டது என்று அந்தந்த ஊர் நர்ஸ்களைப் போனில் பிடித்துக் கேட்டாள். பிறகு ட்ரிப், மாத்திரை என்ற பெயர்களை எடுத்துவிட்டு 'அ', 'ஆ' என்று மாற்றி, சென்னையில் இருக்கும் தன் தோழி ஒருத்திக்கு அனுப்பினாள். அவளும் கணக்குக்காரி. எது என்னவென்று அவளுக்குச் சொல்லவில்லை. ஏன் என்றேன். தெரிந்தால் அவளுக்கும் ஏதாவது ஒரு பதில் பிடித்துவிடும் என்றாள்.

எனக்கும் சொல்லவில்லை. கேட்டதற்கு, உங்கள் முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பில் பால் வைத்திருந்தேன். போன் மணி அடித்தது. தமயந்தி 'ம், ம்' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"'ஆ'தான் நல்லாருக்காம். நல்லாவே தெரியுதாம்."

"'ஆ' எது தமயந்தி?"

"ட்ரிப்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அணைக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவள்தான் அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு, வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே அவளும் அழுதாள். முந்தானையைக் கண்ணுக்கு எடுத்தபோது இந்த முறை கண்ணாடியில் நிஜமாகவே ஈரம் இருந்தது.

அரை மணியில் நித்யாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மருந்து வந்துவிட்டது என்று சொன்னேன். சொட்டு ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மேடை

விழா நன்றாக நடந்தது. சந்தனம், கல்கண்டு, ஏலக்காய் மாலை எல்லாம் உண்டு. தமயந்தி பேச எழுந்தாள். நன்றி சொல்லிவிட்டு நேராகத் தன் தப்புக்கு வந்தாள். என்ன விதி எழுதினாள், அதனால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாம் சொன்னாள். திருத்திய தொட்டிலை அன்று காலையிலேயே எல்லோருக்கும் அனுப்பிவிட்டதாகவும், புதுசை வைத்து யாராவது எதையாவது முடிவு செய்திருந்தால் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். விழாக் குழுத் தலைவர் முதலில் நெளிந்தார். கடைசியில் அவர்தான் முதலில் கை தட்டினார்.

போர்த்திய பொன்னாடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவந்து பச்சைச் சேலை அஞ்சலைக்குப் போர்த்தினாள். "எனக்கு எதுக்குக்கா? நான் சேலை பாக்கத்தானே போனேன்?" என்று அஞ்சலை கூசிப்போனாள். எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது.

மறுநாள் நித்யாவுக்கு வளைகாப்பு. தமயந்தியும் இருந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையலோடு நித்யா அவள் அப்பா அம்மாவுடன் கிளம்பினாள். கார்க் கதவு வரைக்கும் போனவள் திரும்பி என்னிடம் வந்தாள்.

"அத்தை, போன வாரம் மருந்து வரலைன்னீங்கள்ல? அலமாரியில இருந்துச்சு. கத்தரிக்கோல் எடுக்க வந்தப்பப் பாத்தேன்."

"பாத்துட்டு ஏம்மா கேக்கல?" என்றேன்.

"நீங்களும் ஆன்ட்டியும் ஏதோ கணக்கு பாத்துட்டிருந்தீங்க. சரின்னு தெரிஞ்சா நீங்களே போடுவீங்கன்னு இருந்துட்டேன்."

வளையல் சத்தத்தோடு காரில் ஏறினாள். கார் தெரு முனையில் திரும்பும் வரை நின்றேன். தமயந்தி பின்னால் வந்து நின்றாள். கையில் போன் இருந்தது. திரையில் தொட்டில் திறந்திருந்தது, அதில் நித்யாவின் பெயர் இருந்தது.

"தாய்வீட்டுக் கட்டம் காலியா இருக்கு டாக்டரம்மா. எந்த ஊரு?"

"மன்னார்குடி" என்றேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவள் எழுதாமல் காத்திருந்தாள்.

"மன்னார்குடி" என்று மறுபடியும் சொன்னேன்.